இரண்டாம் பந்திப் பொறுப்பாளர்

மைசூர், ஹெப்பாள்
வியாழக்கிழமை

மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை வைத்து நாலு பேருக்குப் புண்ணியம் சேர்த்துக் கொடுக்கும் மதிப்பிற்குரிய மச்சான் லிங்கப்பன் அவர்களுக்கு,

ஹெப்பாளிலிருந்து உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் அய்யாசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. நானும் சுலோசனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி, லிங்கம்மா அக்காவின் சர்க்கரை எப்படி, கடையில் தமிழ்நாட்டுக் கூட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். உங்கள் மலைக்குப் போன் போட்டால் "ஹலோ" வரைக்கும்தான் கேட்கிறது. எங்கள் வீட்டிலோ நான் "ஹலோ" என்றாலே "யாருங்க அது?" என்று சுலோசனா சமையலறையிலிருந்து வந்துவிடுகிறாள். அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடியிருந்தால் பெஞ்சுதான் காரணம், நான் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கச்சி எங்கள் அப்பார்ட்மெண்ட் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்தல். எதிர்த்து நிற்பது வேறு யாரையும் இல்லை, சாட்சாத் வாசுதேவ் சாரை. நீங்கள் சனிக்கிழமையே பஸ் பிடித்து கொள்ளேகால் வழியாக வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி, அவளை வாபஸ் வாங்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் கடிதத்தின் சாரம். ஏன், எதற்கு என்று கீழே விவரமாக எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

வாசுதேவ் சாரை உங்களுக்குத் தெரியும். போன ஆடியில் நீங்கள் வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஒரு மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு உங்கள் கையில் கொடுத்து, இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப சந்தோஷம், போய்ட்டு வாங்க" என்றாரே, அவர்தான். நாலு நாள் தங்கலாமென்று வந்த நீங்கள், தாம்பூலப் பை வாங்கின பிறகு எந்த முகத்தோடு தங்குவது என்று அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டீர்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது மச்சான். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராகவே காலம் தள்ளி ரிட்டையர் ஆனவர். முகூர்த்த நாளில் மண்டபம் கொள்ளாத கூட்டத்தை உட்கார வைத்துச் சாப்பிடப் போட்டு, அடுத்த கல்யாணக்காரர்கள் பாத்திர பண்டத்தோடு வாசலில் வந்து நிற்பதற்குள் மண்டபத்தைக் காலி செய்து கழுவிவிடுவதுதான் அவர் தொழில். விருந்தாளி என்றால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் பை வாங்க வேண்டும், பை வாங்கினால் போக வேண்டும். அவருக்கு உலகம் அவ்வளவுதான். சுத்தமான மனசு.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் கட்டடத்தில் ஜனநாயகம் நடந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது. லிஃப்டில் பல்பு போய்விட்டது, மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வெள்ளை விளக்கா மஞ்சள் விளக்கா என்று கூட்டம் போட்டோம். மஞ்சள் கட்சி, வெள்ளைக் கட்சி, லிஃப்டுக்கு விளக்கே எதற்கு என்ற தரைத்தளத்துக் கட்சி என்று மூன்றாகப் பிரிந்து, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போகாமல், தீபாவளிப் பலகாரம்கூட மாற்றிக்கொள்ளாமல், அந்த வருஷம் பூராவும் இருட்டு லிஃப்டில் போய் வந்தோம். இருட்டில் யார் எந்தக் கட்சி என்று தெரியாததால் லிஃப்டுக்குள் மட்டும் ஒற்றுமை இருந்தது. தண்ணீர் கதை அதைவிட மோசம். குழாயில் காவேரி எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது. மோட்டார் சாவி எவர் கையில் இருக்கிறதோ அவர் வீட்டில் குளியல், மற்ற வீடுகளில் கூச்சல். இதையெல்லாம் சரிக்கட்ட ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வருஷா வருஷம் பொதுக்கூட்டம் நடக்கும். அதில் எங்கள் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைவர் யார் என்ற பேச்சு வந்ததும் ஒருவருக்குப் போன் வரும், ஒருவருக்கு வயிற்றைக் கலக்கும், மிச்சம் பேர் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி குனிந்துகொள்வார்கள். நிமிர்ந்தவன் மாட்டினான். ஒரு வருஷம் நான் தும்மித் தொலைத்தேன், அந்த வருஷம் முழுக்க நான்தான் செயலாளர். எவர் வீட்டுக் குழாய் சொட்டினாலும் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான், வீடு வாங்கிக் குடிவந்து புது வாசனைகூடப் போகாத வாசுதேவ் சார் எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. "நான் பாத்துக்கறேன் ஸ்வாமி" என்றார். இப்படி ஒரு வார்த்தையை ஒரு மனுஷன் வாயிலிருந்து கேட்டு எங்களுக்கு எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வீட்டிலும் கேட்டதில்லை, ஃபேக்டரியிலும் கேட்டதில்லை. எதைப் பார்த்துக்கொள்வார், எப்படிப் பார்த்துக்கொள்வார், எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொள்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு, அவர் மனசு மாறி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? உள்ளங்கை சிவக்கிற மட்டும் தட்டினோம். ஒருமனதாகத் தேர்வு என்று சொல்லி, காபி குடித்துவிட்டு, குனிந்திருந்த தலைகளை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்கு வந்த நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாளே தண்ணீரைப் பந்தியாகப் பிரித்துவிட்டார். முதல் மாடி முதல் பந்தி, இரண்டாம் மாடி இரண்டாம் பந்தி, இப்படி. அவரவர் பந்தி நேரத்தில் தொட்டியிலிருந்து அவரவர் மாடிக்குத் தண்ணீர் திறக்கும், பந்தி முடிந்தால் மூடும். நாங்கள் என்னவோ ஆட்சேபம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தோம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் என்ன வேண்டும் என்று கேட்டால், சாம்பார் என்பான் ஒருவன், ரசம் என்பான் ஒருவன், பந்தி நகராது. கேட்காமல் வரிசையாக ஊற்றிக்கொண்டே போனால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தது என்று எழுந்து போவார்கள். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? தண்ணீரும் வந்தது மச்சான். தினமும் வந்தது. சுலோசனா மட்டும், அதே மாதம்தான் கார்ப்பரேஷன்காரர்கள் நம் தெருவில் புதுக் குழாய் பதித்தார்கள், தண்ணீர் அதனால் வருகிறது, அவரால் இல்லை என்றாள். சரி, அப்படியானால் அவர் வருவதற்கு முன்னால் ஏன் பதிக்கவில்லை என்று கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஒழுங்கு வந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடுவதற்குப் பந்தி. லிஃப்டுக்குப் பந்தி, உள்ளே நாதஸ்வரம் ஒலிநாடா. காலையில் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒரு வணக்கம் போடுவார், எல்லாரும் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் கோபிக்க மாட்டார், நேரில் வந்து, "உடம்பு சரியில்லையா ஸ்வாமி?" என்று வாசலிலேயே நின்று விசாரிப்பார். நாங்களும் உடம்பு சரியில்லை என்றுதான் சொல்லி வைப்போம். அடுத்த வேளை அவர் வீட்டிலிருந்து மிளகுக் கஷாயம் வரும், நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் தூக்கைத் திருப்பி வாங்கிப் போவார்கள். இரண்டு தடவை அந்தக் கஷாயம் குடித்தவர்கள் பிறகு விடியும்போதே வணக்கம் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வருஷப் பொதுக்கூட்டம் வந்தது, ஒருமனதாக அவர்தான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. இந்த வருஷம் சங்க விதியையே மாற்றி "நிரந்தரத் தலைவர்" என்று போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டர் கம்பெனி சந்துரு யோசனை சொன்னான். படித்த பிள்ளை, மூன்றாம் மாடி, தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசுவான். வருஷா வருஷம் கூட்டம் போட்டு அவரையே தேர்ந்தெடுப்பது வீண்வேலை அங்கிள், அந்த நேரத்தில் தூங்கலாம் என்றான். முதல் மாடி ஸ்ரீதேவிக்கு வேறு காரணம். அவள் தலைக்கு மேல் வீட்டில் விடிகாலையில் கிரைண்டர் ஓட்டுவார்கள். இவள் நாலு வருஷம் கெஞ்சியும் நிறுத்தவில்லை. வாசுதேவ் சார் ஒரே ஒரு பார்வை பார்த்தார், கிரைண்டர் நின்றுவிட்டது. அவருக்காகத் தீக்குளிக்கவும் தயார் என்கிறாள். தனக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரனை அடக்கிவைத்தவர் நமக்கு நல்லவர்தானே?

எனக்கு என்ன காரணம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனால் மனசுக்குள் நினைப்பீர்கள். சொல்கிறேன். இதே ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் என் முன்னால் வந்து நிற்பார்கள். ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து என் பேச்சை டிவி ரிமோட்கூடக் கேட்பதில்லை. அப்படி இருந்தவனை வாசுதேவ் சார் கூப்பிட்டு, கல்யாணத்தில் வரவேற்புக் குழுவினர் குத்திக்கொள்வார்களே, ரோஜா நிற ரிப்பன் பூ, அதில் ஒன்றை என் சட்டையில் குத்தி, "இன்னிலேருந்து நீங்கதான் இரண்டாம் பந்திப் பொறுப்பாளர்" என்றார். வேலை என்னவென்றால், இரண்டாம் மாடிப் பந்தி முடிந்ததும் அந்த வால்வை மூட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மச்சான், மறுநாள் காலையில் தலையில் சோப்பு நுரையோடு ஒரு பெரிய பேங்க் அதிகாரி பால்கனியில் நின்றுகொண்டு, "சார், இன்னும் ரெண்டு நிமிஷம் சார்" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினார். என்னை சார் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன்.

இப்போது கமலம்மாள் விஷயம். எங்களுக்கு எதிர்வீட்டில் தனியாக இருப்பவர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன கூட்டத்தில் வாசுதேவ் சார் பேசி முடித்து, எல்லாரும் கை தட்டி முடித்த பிறகு, இந்த அம்மாள் எழுந்து நின்று, பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்தால்தானே அடுத்தவர் உட்கார முடியும், நீங்கள் எப்போது எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பரீட்சையில் கேள்வி கேட்கிற மாதிரிதான் கேட்டார். வாசுதேவ் சார் சிரித்தார். மறுநாள் கமலம்மாள் வீட்டை மட்டும் இரண்டாம் பந்தியிலிருந்து எடுத்துக் கடைசிப் பந்தியில் போட்டுவிட்டார். கடைசிப் பந்தி என்றால் தொட்டியில் தண்ணீர் தீர்ந்த பிறகு திறக்கும் பந்தி. பந்திக் கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு ஓட்டும் கிடையாது என்று ஒரு விதியும் வந்தது. அந்த வாரமே மஞ்சள் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு போட்டு அந்த அம்மாள் வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குத் தாம்பூலப் பை கொடுத்ததை இதற்கு முன் நான் எங்கும் பார்த்ததில்லை. அதன் அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது. அதோடு, யோசித்துப் பார்த்தால், கமலம்மாள் எப்போதுமே கொஞ்சம் ஒழுங்கில்லாதவர்தான் என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. செருப்பைக் கோணலாக விடுவார். லிஃப்டில் நாதஸ்வரம் வாசிக்கும்போது பேசுவார்.

அதற்காக நாங்கள் மனசாட்சி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வயசான அம்மாள், தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பார்? தினம் காலையில் நான் ஒரு தூக்குப்போசியில் தண்ணீர் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, எதிர்வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் கொஞ்சமாகத் திறந்து, கதவோரமாக உள்ளே வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஊருக்குத் தெரியாமல் தர்மம் செய்வது நான் ஒருவன்தான் என்று எனக்குள்ளே ஒரு பெருமை. ஒரு நாள் எங்கள் வாசலுக்கு எதிரே மாடிப்படியில் சந்துரு இறங்கி வருகிறான். ஆபீஸ் பையை முதுகில் மாட்டியிருக்கிறான், பை சொட்டுகிறது. லேப்டாப் வேர்க்கிறதா என்று கேட்டேன், ஆமாம் அங்கிள், இந்த வருஷம் வெயில் அதிகம் என்றான். கீழேயிருந்து ஸ்ரீதேவி குடத்தின் மேல் மல்லிகைப் பூவைப் பரப்பி, கோயில் அபிஷேகத்துக்கு என்று சொல்லிக்கொண்டு இறங்காமல் ஏறுகிறாள். கோயில் கீழே அல்லவா இருக்கிறது? நான் கேட்கவில்லை. என் தூக்கில் என்ன என்று அவளும் கேட்கவில்லை. மூன்று பேரும் மழை வருமா என்று பேசிக்கொண்டு, மற்ற இரண்டு பேரும் போகட்டும் என்று காத்துக்கொண்டு, அங்கேயே நின்றோம்.

கடைசியில் கதவைத் திறந்தது கமலம்மாள்தான். உள்ளே வாங்க என்றார். போனால் வீடு முழுக்கத் தண்ணீர். வாளி, அண்டா, குக்கர், இட்லிப் பானை, பால் செம்பு, பூ ஜாடி வரைக்கும் தளும்பத் தளும்ப நிற்கிறது. கட்டடத்திலேயே அதிகத் தண்ணீர் இருக்கிற வீடு அதுதான். சுலோசனா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து, இதற்கு மேல் எதில் ஊற்றுவது என்று காலிப் பாத்திரம் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் கமலம்மாள் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"எல்லாரும் தண்ணி கொண்டாந்து குடுக்கறீங்க, நல்லா இருங்க. ஆனா கையத் தூக்குன்னா மட்டும் உங்க யாருக்கும் கையே இல்ல."

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அதில் எங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. சுலோசனா மட்டும் குனியவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, நானு தேர்தல்ல நிக்கப் போறேனுங்க. அந்தம்மா மத்தவங்க தண்ணிக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியலீங்க" என்றாள். வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான், அதுவும் வீடு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு, ஆனால் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எங்கள் விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. செயலாளராக இருந்த வருஷம் அதை அடைக்காமல் விட்டவன் நான்தான்.

மறுநாள் வாசுதேவ் சார் வீட்டுக்கு வந்தார். பன்னீர்ச் செம்பைக் கையோடு கொண்டு வந்து வாசலிலேயே என் மேல் தெளித்தார். அம்மா நிற்கிறார்களாமே, ரொம்ப சந்தோஷம், தேர்தல் என்றால் இரண்டு பேர் இருந்தால்தான் அழகு என்றார். காபி குடித்தார், நன்றாக இருக்கிறது என்று சுலோசனாவிடம் சொன்னார். போகும்போது என் சட்டையில் குத்தியிருந்த ரிப்பன் பூவை மெதுவாகக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, தேர்தல் முடிகிற வரைக்கும் நடுநிலைமை வேண்டும் ஸ்வாமி, அதனால்தான் என்றார். மறுநாள் காலையில் வால்வைச் சந்துரு மூடினான். பேங்க் அதிகாரி அவனைப் பார்த்து, "சார், ரெண்டு நிமிஷம்" என்றார். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து எங்களோடு லிஃப்டில் யாரும் ஏறுவதில்லை. நான் போடும் வணக்கப் பொம்மைக்கு ஒருவரும் பதில் போடுவதில்லை. நாளைக்கு எங்கள் வீட்டையும் கடைசிப் பந்தியில் போட்டால், கமலம்மாளுக்காவது தண்ணீர் கொண்டுவர நாங்கள் இருந்தோம், எங்களுக்கு யார் கொண்டுவருவார்கள்? நான் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். யோசிக்கிறேன், அவ்வளவுதான். வாசுதேவ் சாரிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் போய்விட்டால் யார் பார்த்துக்கொள்வது? மறுபடியும் கூட்டம் போட வேண்டும், மறுபடியும் பல்பு, மறுபடியும் தும்மலை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். சுலோசனா ஜெயித்தால், காலையில் கண் விழித்ததும் ஊர்ப் பஞ்சாயத்து முழுக்க எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். தோற்றால் அதைவிட மோசம். ஆகவே அவள் நிற்காமல் இருப்பதே அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. நான் சொன்னால் கேட்க மாட்டாள். அண்ணன் சொன்னால் கேட்பாள். கமலம்மாளுக்கு நாங்கள் எப்போதும் போல ரகசியமாகத் தண்ணீர் கொடுத்துக்கொள்கிறோம், அதில் குறை வைக்க மாட்டோம் என்றும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வர முடியாமல் போய், அவள் பிடிவாதமாக நின்றேவிட்டால், என் ஓட்டு உங்கள் தங்கச்சிக்குத்தான். அதில் சந்தேகமே வேண்டாம். முப்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான்.

லிங்கம்மா அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். மாதேஸ்வரன் உங்கள் கடைக்கு நல்ல கூட்டத்தையும், அந்தக் கூட்டத்துக்குச் சில்லறையையும், உங்கள் முழங்காலுக்கு நல்ல குணத்தையும் கொடுக்கட்டும். எனக்காக ஒரு கற்பூரம் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
அய்யாசாமி

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை போட்டால் சனிக்கிழமைக்குள் கடிதம் மலை ஏறாது என்று டீக்கடைக்காரர் சொன்னதால் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். மேலே எழுதியிருப்பதை எல்லாம் மறந்துவிடுங்கள், குறிப்பாகக் கடைசியில் உறுதியாகச் சொன்ன விஷயத்தை.

தேர்தல் நடந்தது. பெயரைச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு பித்தளை அண்டாவில் போட வேண்டும். சந்துரு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான். வாசுதேவ், வாசுதேவ், வாசுதேவ் என்று அர்ச்சனை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை "சுலோசனா" என்றான். மறுபடியும் வாசுதேவ். முடிந்துவிட்டது. தண்ணீர் சுமந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். சுலோசனா எழுந்து, எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "ஒண்ணு வந்துச்சுல்லங்க, எனக்கு அது போதுமுங்க" என்றாள். கமலம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் சுலோசனா பாயசம் வைத்தாள்.

அந்த ஓட்டு என்னுடையது இல்லை மச்சான். சீட்டைக் கையில் வாங்கும்போதுகூட அவள் பெயரை எழுதத்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். இத்தனை பேர் தண்ணீர் சுமந்தார்கள், அத்தனை பேரும் அவளுக்குத்தான் போடுவார்கள், என் ஒரு ஓட்டு குறைந்தால் அவளுக்கு நஷ்டம் இல்லை. ஒருவேளை வாசுதேவ் சார் ஜெயித்துவிட்டால், நான் அவருக்குப் போட்டேன் என்பது பின்னால் உதவும். ஆகவே அவர் பெயரை எழுதினேன். மற்றவர்களும் இப்படியே யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் வாசுதேவ் சார் என்னை மோட்டார் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நாளையிலிருந்து பழையபடி இரண்டாம் பந்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஒரு ஓட்டு நான் போட்டது ஸ்வாமி" என்றார். "நான் ஜெயிக்கப் போறது தெரிஞ்சதுதானே. நீங்க எப்படியும் அம்மாவுக்குப் போடுவீங்க, ஒத்தையா இருந்தா நல்லா இருக்காது, ரெண்டா இருக்கட்டும்னுதான் போட்டேன்." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மனுஷன் கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். எங்கே போனீங்க, ஆறிப்போச்சு பாருங்க என்று சுலோசனா பாயசத்தைச் சுடவைத்து இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். முந்திரி அதிகமாகப் போட்டிருந்தாள்.

நீங்கள் இப்போதைக்கு இங்கே வர வேண்டாம் மச்சான். வந்தால், அத்தனை பேரும் பயந்தபோது இவர் ஒருத்தர்தான் அண்ணா பயப்படாமல் எனக்குப் போட்டார் என்று உங்களிடம் சொல்லிச் சந்தோஷப்படுவாள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருக்க வேண்டும்.